மூன்று மாத மாத்திரை

என் வீட்டுக்காரர் விஸ்வநாதனுக்குக் காலைப் பலகாரம் இரண்டு இட்லி, பதினொரு மாத்திரை. இட்லியில் ஒன்றைக் குறைத்தாலும் குறைப்பார், மாத்திரையில் கை வைக்க விடமாட்டார். பூண்டு எண்ணெய், திராட்சை விதைச் சாறு, வைட்டமின் ஈ, மருதம்பட்டைப் பொடி, இன்னும் வாயில் நுழையாத பெயர்கள். எல்லாம் இதயத்துக்கு நல்லதாம். ஆன்டி ஆக்ஸிடென்டாம். உடம்பு துருப்பிடிக்காமல் காக்குமாம். "துருப்பிடிக்க நீங்க என்ன யமுனை இரும்புப் பாலமா?" என்று கேட்டால் அடுத்த மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

இதில் மீன் எண்ணெயும் சேர்த்தி. கும்பகோணத்தில் வெங்காயத்துக்கே முகம் சுளித்த குடும்பம். "ஏன், ஆபீஸ்ல அந்த வங்காளி பானர்ஜி மீன் சாப்பிடலையா? அவனும் பிராமணன்தானே" என்று ஒரு நியாயம் கண்டுபிடித்தார். அந்த டப்பாவுக்கு என் சமையலறையில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அது பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் குடியிருக்கிறது.

முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்காரில் வேலை பார்த்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். வந்த காகிதத்தைத் தள்ளத் தெரியாது. டெல்லியில் எங்கள் மயூர் விஹார் பார்க்கில் நடக்கும்போது யாராவது ஒரு மாத்திரையைச் சிபாரிசு செய்தால் போதும், அவருடைய மாத்திரை ஃபைலில் அதற்கு ஒரு பக்கம் விழுந்துவிடும். சொன்னவர் பெயர், தேதி, அளவு. உள்ளே வருவதற்கு வழி உண்டு, வெளியே போக வழி கிடையாது. ஜனவரியில் மூன்றாக இருந்தது ஏப்ரலில் பதினொன்று.

எனக்கும் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் மே மாதம் துங்கநாத் போவதாக இருந்தோம்.

கீழ் வீட்டு இளஞ்செழியன் நொய்டாவில் ஐ.டி. வேலை பார்ப்பவன். எங்கள் அடுக்குமாடி சொசைட்டித் தமிழர்களைச் சேர்த்துக்கொண்டு போக ஜனவரியிலேயே ஏற்பாடு செய்துவிட்டான். நாலு கிலோமீட்டர் மலை ஏறினால் சிவன் கோயில், சுற்றிலும் பனிமலை. அறுபது தாண்டியவர்கள் இதய டாக்டரிடம் கடிதம் வாங்கி வரவேண்டும் என்பது அவன் நிபந்தனை.

நான் டெல்லிக்கு வாழ்க்கைப்பட்டு முப்பத்து நாலு வருஷம். இமயமலை ஒரு நாள் பயணம்தான். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. லீவு கிடைத்தபோதெல்லாம் ரயிலேறிக் கும்பகோணம் போனோம். குலதெய்வம், கல்யாணம், காதுகுத்து. இந்தத் தடவை போயே தீருவது என்று ஷூ வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மானசா டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழில் இந்தி கலந்து பேசுவாள். போன வருஷம் இவருக்கு ரத்தக் குழாயில் ஓர் இடத்தில் லேசான அடைப்பு என்று கண்டுபிடித்து மருந்து கொடுத்தவள். ஏப்ரலில் கடிதம் வாங்கப் போனபோது, புது ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அங்கிள், கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லையே. நைட் டேப்லெட் டெய்லி போட்டுக்கறீங்க, ஹைனா?"

"அது முடிஞ்சுபோச்சேம்மா."

"முடிஞ்சுபோச்சா?"

இவர் ஃபைலைத் திறந்து அவள் எழுதிய சீட்டையே எடுத்து நீட்டினார். "இதோ, மூணு மாசம், பிறகு ரிவ்யூன்னு போட்டிருக்கே. மூணு மாசத்துக்குத்தான் சாங்ஷன். எக்ஸ்டென்ஷன் ஆர்டர் வரலை. நிறுத்திட்டேன்."

"ரிவ்யூவுக்கு நீங்கதானே வரணும்?"

"கூப்பிடுவேள்னு இருந்தேன்."

அவள் ஃபைலைப் புரட்டினாள். "மத்த பதினொண்ணு?"

"அதுக்கெல்லாம் யாரும் காலக்கெடு போடலையே!"

மானசா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிதம் எழுதுவாளா மாட்டாளா என்று அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், ஹார்ட் அட்டாக்கைத் தடுக்கும்னு சோதிச்சுப் பார்த்து நிரூபிச்சது நீங்க நிறுத்தின அந்தச் சின்ன மாத்திரைதான். இந்த டப்பாவெல்லாம் அந்த வேலையைப் பண்ணாது. ஆன்டி ஆக்ஸிடென்ட் வேணும்னா ஆன்ட்டி பண்ற கீரை, நெல்லிக்காய் போதும். ஆனா இந்த ரிப்போர்ட்டோட மலை ஏற நான் சைன் பண்ணமாட்டேன். இன்னிக்கே மாத்திரையை ஆரம்பிங்க. டெஸ்ட் எல்லாம் சரியா வந்தா அக்டோபர்ல பார்க்கலாம்." என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க பிந்தாஸ், கவலையே இல்லாம போகலாம்."

"அம்மா, ஒரு உபகாரம் பண்ணு" என்றேன். "'மறு உத்தரவு வரும்வரை'ன்னு அந்தச் சீட்டுல எழுதிக் குடு. அப்பத்தான் இவர் சாப்பிடுவார்." எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு முறை முத்திரையும் குத்தினாள்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "முப்பத்து நாலு வருஷம் உங்க லீவுக்குக் காத்திண்டிருந்தேன். இப்ப உங்க ஃபைலுக்கும் காத்திண்டிருக்கணுமா? யார் எதைச் சொன்னாலும் முழுங்கறேளே, டாக்டர் சொன்னதை மட்டும் விட்டுட்டேளே!" அழுகை வந்துவிட்டது. அழுவது எனக்குப் பிடிக்காது, அதனால் கோபம் இன்னும் ஏறியது.

அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "உன்கூட ஏறணுமேன்னுதான் சாவித்திரி" என்றார். "பாதி வழியில எனக்கு மூச்சு வாங்கினா நீயும் நின்னுடுவே. மேல போகமாட்டே, எனக்குத் தெரியும். அதான், தெம்பு வரும்னு யார் எது சொன்னாலும் சேர்த்துண்டேன்."

ஜனவரியிலிருந்து மாத்திரை ஏறிய கணக்கு அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீன் எண்ணெய் உட்பட எல்லாம் எனக்காகத்தான் முழுங்கியிருக்கிறார். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தேன்.

"நீ போயிட்டு வா" என்றார். "என் தப்புக்கு உனக்கு எதுக்குத் தண்டனை?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், பழக்கதோஷம். சொல்லவில்லை. "போறேன். வழியைப் பார்த்துண்டு வரேன். அக்டோபர்ல உங்களை நான் கூட்டிண்டு போறேன்" என்றேன். அன்று சாயங்காலமே பதினொரு டப்பாவும் ஒரு பையில் கட்டிக் குப்பைக்குப் போனது.

மே கடைசியில் போனேன். பனிமலைகள் வெயிலில் வெள்ளைவெளேரென்று நின்றன, தொட்டுவிடலாம் போல. எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாதையோரத்தில் ஒரு பாறையில் உட்காருவதும், எழுந்து நடப்பதும், அடுத்ததில் உட்காருவதுமாக இருந்தேன்.

"என்ன ஆன்ட்டி, முடியலையா? மலை அந்தப் பக்கம் இருக்கு, நீங்க கல்லையே பார்க்கறீங்க!" என்றான் இளஞ்செழியன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகு சாய வசதியாக, நிழலாக, எழுந்திருக்கக் கைப்பிடிக்கு இடம் உள்ளதாக அவருக்கு எது தோதுப்படும் என்று பார்த்துக்கொண்டே ஏறினேன். நாலு கிலோமீட்டரில் ஏழு இடம் இருக்கிறது.