நூற்றெட்டில் ஓடிய பெட்டி

"அம்மா, அப்பா ஏம்மா பேசிக்கிட்டு இருக்கும்போதே கல்லாப் போயிடுறாரு?"

நான்கு வயது தீபா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இப்படிக் கேட்டாள். மடிக்கணினித் திரையில் அவள் அப்பா கலைவாணன் வாயைத் திறந்து, ஒரு கையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தான். அவனுக்கு பஹ்ரைனில் படகு எஞ்சின் பட்டறையில் வேலை. வாரத்துக்கு ஒருநாள்தான் அவன் முகம் காரைக்கால்மேட்டு வீட்டுக்கு வரும். வந்த பத்தாவது நிமிடம் இப்படி நின்றுவிடும். தீபாவின் அம்மா ஷர்மிளா எழுந்துபோய் ஜன்னலோரம் இருக்கும் ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கி, திரும்பச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை காத்திருப்பாள். அதற்குள் பிள்ளை விளையாடப் போயிருக்கும்.

2008ஆம் ஆண்டு மாசி மாதம் தீபாவுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள். ஊர் வழக்கப்படி மாரியம்மன் கோயில் வாசலில்தான் குத்த வேண்டும். கலைவாணனுக்கு முதலாளி லீவு தரவில்லை.

"பரவால்ல ஷர்மி. சிடி போட்டு அனுப்பு, பார்த்துக்கிறேன்" என்றான்.

அவன் குரல் கம்மியிருந்ததைக் கேட்டதும் ஷர்மிளாவுக்கு வீம்பு வந்துவிட்டது. "சிடியெல்லாம் கெடையாது. குத்தும்போதே நீங்க பார்ப்பீங்க" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவே ஊர்த் தெரு. கம்பி இழுத்தால் மீன் வண்டிகள் ஏறி அறுத்துவிடும். காற்றில் இணைப்பைக் கொண்டுபோகிற இந்த ரவுட்டர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால்தான் உண்டு. அதைப் பையில் போட்டுக்கொண்டு காரைக்கால் டவுனில் ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரர் பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது அப்பிடித்தாம்மா. இதுல கை வெக்கிறதெல்லாம் இன்ஜினியருங்க வேல. வல பின்னுற வேலன்னு நெனச்சீங்களா?"

"வலையில ஒரு கண்ணி அறுந்தா யாரையும் கேக்காம நாங்களே கட்டிப்போமுங்க" என்று சொல்லி ஷர்மிளா பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முன் அவள் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். இரண்டு வாரம் இணையத்தில் துழாவினாள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்களும் இதே குறையைச் சொல்லியிருந்தார்கள். அந்த வகைப் பெட்டியில் மூளையான பிராசசரின் வேகம் இருநூறு மெகாஹெர்ட்ஸ், நினைவகத்தின் வேகம் நூறு. அந்த வேகத்தில் இரண்டும் ஒத்துப்போகாமல் நடுவில் நின்றுவிடுகின்றன. உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி, இருநூற்றுப் பதினாறாக ஏற்றினால் நினைவகம் நூற்றெட்டுக்கு வரும், நிற்காது என்று எழுதியிருந்தார்கள். எண் தவறினால் பெட்டி மறுபடி எழுந்திருக்காது என்றும் எழுதியிருந்தார்கள்.

மாமியார் கனகம் பக்கத்தில் உட்கார்ந்து மீன் கூடையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோன்னு போடப் போற?"

"நூத்தெட்டு வரும் அத்தை."

"நூத்தெட்டா? சாமிக்கே நூத்தெட்டுத்தான். பயப்படாமப் போடு."

ஷர்மிளா கருப்புத் திரையில் ஒற்றை வரியை அடித்து, அம்மனை நினைத்துப் பொத்தானைத் தட்டினாள். விளக்குகள் அணைந்தன. முப்பது எண்ணுவதற்குள் திரும்ப எரிந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை கலைவாணன் மூன்று மணி நேரம் இடைவிடாமல் பேசினான். பெட்டி மட்டும் தொட்டால் சுட்டது. கனகம் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஐயோ, காய்ச்ச அடிக்குதே இதுக்கு" என்றாள்.

காது குத்துகிற நாள் விடிந்தது. ஏழு மணிக்கு ஷர்மிளா ஜன்னலைப் பார்த்தாள். பெட்டி அங்கே இல்லை. அதன் ஒயர்கள் கீழே தெர்மாகோல் பெட்டி ஒன்றுக்குள் போயிருந்தன. மூடியைத் திறந்தாள். நொறுக்கிய ஐஸ், அதன்மேல் பிளாஸ்டிக் பை, அதன்மேல் ரவுட்டர். கைப்பிள்ளையைப் படுக்க வைத்ததுபோல் பக்குவமாய் வைத்திருந்தது. எடுத்துச் சாய்த்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு விளக்கும் எரியவில்லை.

கனகம் அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முப்பது வருஷம் மீன் விற்றவள். கெடக்கூடாத எதையும் ஐஸில் வைப்பதுதான் அவள் அறிந்த வைத்தியம்.

"சூடு தாங்காதேன்னு விடியகாலையில வெச்சேன்டியம்மா... வேர்த்துப் போயிருச்சா?" என்றாள்.

அப்போதுதான் ஷர்மிளாவின் அண்ணன் குணசேகரன் சீர்த்தட்டோடு உள்ளே வந்தான். "என்னாச்சு?"

"கடல்காத்து பட்டு நெட்டுப் பெட்டி போயிருச்சுண்ணே" என்றாள் ஷர்மிளா.

அது பொய்தான். ஆனால் ஒரு வயதான மனசு நொந்துவிடக் கூடாதென்று சொன்ன பொய். அம்மன் அதைக் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பாள்.

குணசேகரன் சிரித்தான். "போனாப் போவுது வுடு. மடியில உக்கார வெக்க தாய்மாமன் நான் இருக்கேன். அப்பன் எதுக்கு இப்ப? அவன் பார்க்கலேன்னா காதுல ஓட்டை வுழாதா?"

"வுழாதுண்ணே. அவரு பார்க்காம எம்புள்ள காதுல ஊசி ஏறாது."

"பத்தரைக்கு ராகு காலம்டி!"

"பத்தரைக்குள்ள வர்றேன். காது குத்துற பத்தரப் பிடிச்சு வெச்சுக்க."

"கேட்டீங்களா அத்தை, உங்க மருமவ பேசுறத?"

"அவ சொல்றதுதான் சரி" என்றாள் கனகம். அவள் அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. குணசேகரன் சீர்த்தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

ஷர்மிளா பட்டுப்புடவையோடு மொபெட்டில் ஏறினாள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நூகு பாய் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதே வகை ரவுட்டர் அவர் கடைச் சுவரில் தொங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். கடையில் மூன்று பேர் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவள் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். கடைசியாகச் சொல்லவேண்டியதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்பிடியே எடுத்துட்டுப் போனா இதுவும் நின்னுடும் பாய். உள்ள வேகத்த ஏத்தணும். நம்பர் தப்பிப்போச்சுன்னா பெட்டி செத்துடும்."

நூகு பாய் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி அவளைப் பார்த்தார். "நான் எட்டு வருசம் குவைத்துல கெடந்தவன் தங்கச்சி. எம்மவ மொத மொதல்ல நடந்தத போட்டோவுலதான் பார்த்தேன். போட்டோவுல புள்ள நடக்குமா?" என்றவர், திரும்பிக் குரல் கொடுத்தார். "தம்பிங்களா, இருக்கிறத சேவ் பண்ணுங்க. நெட்டு மத்தியானத்துக்கு மேலத்தான்."

"பாய், இன்னிக்குக் கடைசி தேதி!" என்றான் ஒருவன்.

"சாயங்காலம் வரைக்கும் தேதி இருக்குல்ல? மொதல்ல ஒன் பேர தப்பில்லாம அடி."

ரவுட்டரைச் சுவரிலிருந்து கழற்றி அவள் கையில் கொடுத்தார். "முடிச்சுட்டுக் கொண்டாங்க. பன்னெண்டரைக்கு நான் தொழுகைக்குப் போயிடுவேன். சாவி மீட்டர் பெட்டி மேல இருக்கும்."

வீட்டுக்கு வந்தபோது ஒன்பதே கால். மென்பொருளை மாற்றினாள். எண்ணை அடித்தாள். அடுத்தவர் பொருள் என்பதால் ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்துப் பார்த்துவிட்டுத் தட்டினாள். விளக்குகள் அணைந்தன. கனகம் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது எண்ணியும் எரியவில்லை. நாற்பது. ஐம்பதில் முதல் விளக்கு எரிந்தது.

கோயில் வாசலில் வேப்பமர நிழலில், குணசேகரன் மடியில் மொட்டைத் தலையோடு தீபா. எதிரே நாற்காலியில் மடிக்கணினி. அதில் கலைவாணன் புதுச்சட்டை போட்டு, தலைவாரி, குங்குமம்கூட வைத்திருந்தான். மணி பத்து இருபது. பத்தர் ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டது.

"மெதுவாங்க பத்தரே! மெதுவா! மச்சான், தலைய நல்லாப் புடிங்க!" என்று பஹ்ரைனிலிருந்து அதட்டல் வந்தது.

பத்தர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாருய்யா அது?"

"அப்பங்காரன்" என்றான் குணசேகரன், பிள்ளையை இறுக்கிப் பிடித்தபடி. "சும்மா இருக்க மாட்டானே! மாப்ள, ஒங்க வேலையப் பாருங்க, எம்மடி இது!"

கூட்டம் சிரித்தது. அழுகைக்கு நடுவே தீபா திரையை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தப் பக்கம் கலைவாணனும் கையை நீட்டினான். இரண்டாவது காதும் முடிந்தது. படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. குணசேகரன் தங்கையைப் பார்த்து, "சரிடி, நீ சொன்னதுதான்" என்று முணுமுணுத்தான்.

பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே ஷர்மிளா சாப்பிடாமல் ரவுட்டரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனாள். கடை பூட்டியிருந்தது. பள்ளிவாசல் பக்கம் செருப்புகள் நிறைந்திருந்தன. சாவியை எடுத்துத் திறந்து, ரவுட்டரை அதே ஆணியில் மாட்டி இணைத்தாள்.

கிளம்பத் திரும்பியபோது மூலையில் இருந்த கணினி கண்ணில் பட்டது. திரைமேல் 'வேலை செய்யாது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. காகிதம் பழுத்திருந்தது, வெகுநாளாயிற்றுப் போலும். ஷர்மிளா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பக்கப் பலகையைக் கழற்றினாள். நினைவகத் தகட்டின் செம்பு முனைகளில் உப்புக்காற்றின் பச்சை படிந்திருந்தது. மேசையில் கிடந்த அழிரப்பரால் ஒவ்வொரு முனையாகத் தேய்த்தாள். பொறுமையாக, பளபளக்கும்வரை. திரும்பச் செருகி மின்சாரம் கொடுத்தாள். கணினி ஒருமுறை கூவியது, திரையில் வெளிச்சம் வந்தது.

மற்ற ஐந்து கணினிகளின் கம்பி முனைகளையும் ஒன்றுவிடாமல் துடைத்தாள். காகிதத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். எல்லாவற்றையும் அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை இருந்த இடத்தில் வைத்தாள். தெருவில் யாரும் இல்லை. தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்குள் அவள் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.