ஏழில் வைத்த ஃப்ரிட்ஜ்

அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கொஞ்ச நாளாக மூச்சு விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. ஓடி, ஓய்ந்து, மறுபடி ஓடுகிற பெட்டி, ஓய்வதையே மறந்துவிட்டது. நடுநடுவே 'மடக்' என்று உள்ளே எதுவோ முறிகிற சத்தம் வேறு. கேட்டுக் கேட்டு மருமகளுக்குத் தலைவலியே வந்துவிட்டது. ஏற்கெனவே மாமனாரோடு மல்லுக்கட்டுவதே அவளுக்குப் பெரும்பாடு.

மாமனார் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்சுலின் ஊசியைத் தானே போட்டுக்கொள்வார். கட்டுக்குள் இருந்த சர்க்கரை திடீரென்று எகிறியது. டாக்டர் மருந்தைக் கூட்டாமல், "முதல்ல வாயைக் கட்டுங்க" என்றார். கட்டுகிற வேலைக்கு மருமகள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். பிஸ்கட், சர்க்கரை, ஜாம் எல்லாம் அலமாரிக்குள் போய்ப் பூட்டும் விழுந்தது. அப்போதும் சர்க்கரை இறங்கவில்லை.

"நான் எதையும் தொடலம்மா" என்றார் அவர், சாப்பாட்டு மேசையில்.

"தொடாமலா ஏறுது? காத்துல பறந்து வந்து ரத்தத்துல கலக்குதா? இந்த வயசுல திருட்டுத் தீனி எதுக்கு மாமா?"

பக்கத்தில் இருந்த பேத்தி களுக்கென்று சிரித்தாள். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவே இல்லை. குட்டு வெளிப்பட்டதால் வாயடைத்துப் போனார் என்று அவள் முடிவுகட்டினாள். முடிவுகட்டுவதில் அவளுக்கு எப்போதுமே வேகம் அதிகம்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்தார். பெட்டியை ஆட்டிப் பார்த்தார், கதவு ரப்பரைத் தடவினார், பின்பக்கத் தூசியைத் தட்டினார்.

"மடக்குன்னு கேக்கறதுக்கு பயப்படாதீங்கக்கா. குளிர்ல பிளாஸ்டிக் சுருங்குது, அவ்வளவுதான். ஆனா குளிரைக் கூட்டற குமிழை ஏழுல வச்சா இது எப்படி ஓயும்?"

"நான்தான் வச்சேன். பால் திரிஞ்சு போச்சே!"

"காத்து வர்ற துளைய பாத்திரத்தால அடைச்சிருக்கீங்க. முன்னாடி குளிர் வராது, பின்னாடி எல்லாம் உறைஞ்சிடும்."

அவர் பின்வரிசையைக் காலி செய்தார். வெள்ளரிக்காய் கல்லாக இறுகிக் கிடந்தது. அதற்குப் பின்னால் இருந்து இன்சுலின் டப்பாக்கள் வந்தன. குமிழை மூன்றுக்குத் திருப்பிவிட்டு அவர் போனதும், அவள் ஒரு டப்பாவைப் பிரித்தாள். குப்பிக்குள் மருந்து பனிக்கட்டியாக நின்றது.

மருந்துக் கடைப் பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: "உறைய விட்றாதீங்க. உறைஞ்சது உருகினாலும் வேலை செய்யாது." சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவள் இவள். பழைய குப்பி தீர்ந்தபோது இந்தப் பின்வரிசையிலிருந்து அடுத்த டப்பாவை எடுத்து, பிரிக்காமல் கதவுத் தட்டில் வைத்ததும் இவளேதான். அது அங்கே உருகியிருக்கிறது. அந்தச் செத்த மருந்தைத்தான் மனிதர் இத்தனை நாளாக உடம்பில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பாகிட்ட சொல்லித் தொலைக்காதே" என்றான் கணவன். "புதுசு வாங்கி வச்சிடுவோம், தானா குறைஞ்சிடும்."

அவள் புதுசு வாங்கி வைத்துவிட்டு, கெட்டுப்போன குப்பிகளை எல்லாம் தூக்கி எறிந்தாள். நெஞ்சு குறுகுறுத்தது. கூடவே அப்பாடா என்றும் இருந்தது, அதுதான் கேவலம்.

சர்க்கரை இறங்கியது. பரிசோதனை முடிவோடு மாமனார் நேராகச் சமையலறைக்கு வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாம் உன் கண்டிப்பாலதாம்மா. அலமாரிச் சாவி உங்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாக்கூடக் குடுக்காதே."

"மாமா..."

"நான் பொய் சொல்லலம்மா. தின்ன ஞாபகமே எனக்கு இல்ல. ஆனா ரத்தம் பொய் சொல்லாதே. புத்தி தடுமாற ஆரம்பிச்சிடுச்சு போல. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறத அதான் நிறுத்திட்டேன். வழியில எங்கயாவது விட்டுட்டு வந்துட்டேன்னா?"

வீம்புக்காக அவர் அதை நிறுத்தினார் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"நீங்க எதையும் தின்னல மாமா. ஃப்ரிட்ஜை நான்தான் ஏழுல வச்சேன். மருந்து உறைஞ்சு கெட்டுப்போச்சு. தெரிஞ்சும் மறைச்சேன். உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகல, என்னை மன்னிச்சிடுங்க."

சாவியை எடுத்து அவர் கையில் திணித்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவர் திட்டினால் தேவலை என்றிருந்தது. காட்டுவதற்கு உறைந்த குப்பி ஒன்றுகூட வீட்டில் இல்லை.

அவர் சிரித்தார்.

"என் மனசு நோகக் கூடாதுன்னு பழியத் தூக்கி உன் தலையில போட்டுக்கிறியா? நல்ல மனசும்மா உனக்கு."

சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போனார்.