பிரிங்கா, டேக்கா?

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அந்த மாதம் முழுக்க அது இரண்டு ஆங்கிலச் சொற்கள் மேல் வந்தது. பிரிங் என்றால் கொண்டு வருவது, டேக் என்றால் கொண்டு போவது. தெரியாமல் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து குதிக்கும், சனியன்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக நின்றுகொண்டே துணி மடிக்கிறேன். முழங்கால் போய்விட்டது. மேற்பார்வையாளர் வேலை காலியானதும் விண்ணப்பித்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலை அது. வார்டுகளில் பல பாஷைக்காரர்கள் இருப்பதால் போனில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். அதற்கு ஒரு பரீட்சை.

வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கினேன். சமையலறை சலவைக்கூடம், படுக்கையறை வார்டு. என் வீட்டுக்காரர் தலையணை உறைகளோடு நடையாய் நடந்தார்.

“இப்ப நான் கொண்டு வரேனா, கொண்டு போறேனா?”

“முதல்ல எங்க நிக்கிறீங்கன்னு சொல்லுங்க!”

“நடுவுல நிக்கிறேன்டி. ஒரு காபி குடு, எந்தப் பக்கம் வேணா வரேன்.”

பரீட்சை சலவைக்கூட அலுவலகத்தில் நடந்தது. மேலாளர் அம்மா நீட்டிய தாளில் பத்துக் கோடிட்ட இடங்கள். மூன்றாவதிலேயே திருதிருவென்று முழித்தேன். அப்போது போன் அடித்தது.

“எடுங்க, இதுவும் பரீட்சைதான்.”

பிரசவ வார்டு நர்ஸ் பொரிந்து தள்ளினாள். பிள்ளை பிறந்துவிட்டது, தாய் நனைந்த விரிப்பிலேயே கிடக்கிறாள், காலையிலிருந்து மூன்று தடவை கேட்டாயிற்று. பிரிங்கா, டேக்கா? அடிப்பாவிகளா, பச்சை உடம்புக்காரியை இப்படியா போட்டு வைப்பார்கள்! “கமிங்!” என்று கத்திவிட்டு விரிப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முழங்கால் அப்போது மூச்சே விடவில்லை.

விரிப்பை மாற்றிப் போர்த்திவிட்டதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் எனக்கு நினைவு வந்தது. பரீட்சை!

மேலாளர் அம்மா என் தாளோடு வார்டு வாசலில் நின்றிருந்தார்.

“பாதியில எழுந்து வந்துட்டேம்மா, மன்னிச்சுக்கோங்க.”

“அந்த மூணு தடவையும் நம்ம கூடத்துல போன் எடுத்தவங்க தப்பே இல்லாம இங்கிலீஷ் பேசினாங்களாம். ஒருத்தர் கூட வரல. வேலை உங்களுதுதான். மிச்சம் எட்டையும் இனிமே உக்காந்து நிதானமா எழுதிக் குடுங்க.”

பிரிங்கா, டேக்கா என்று இனி உட்கார்ந்தே யோசித்துக்கொள்ளலாம் என்று தாளை வாங்கிக்கொண்டேன்.