அப்பாவின் ஆறு பொத்தான்கள்

அண்ணனுக்கு எதிலும் புதுசு வேண்டும். ஆப் உருவாக்கும் மென்பொருளிலும் அதே புத்திதான். இந்த முறை அவன் ஒற்றைக் காலில் நின்றது, பிரவுசரிலேயே ஓடும் ஒன்றுக்காக. மவுஸால் இழுத்துப் போட்டால் போதுமாம், எந்தப் போனிலும் ஓடுமாம். ஓடுமாம், ஓடுமாம் என்று தங்கையின் காதைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

தங்கை எழுதுவது பழைய மென்பொருளில். திறந்தாலே லேப்டாப் கொதிக்கும், வரிவரியாகத் தட்ட வேண்டும். ஆனால் அவள் செய்த ஆப், அப்பாவின் பழைய போனில் இணையம் இல்லாமலே ஓடியது. ஏலக் கடையில் விலை கூவியே பிள்ளைகளை வளர்த்தவருக்குப் பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. இப்போது அந்த ஆப்தான் அவருக்கு வாய். தண்ணீர், வலி, பாத்ரூம், லைட், வா, வேண்டாம் என்று ஆறே பொத்தான்கள். அமுக்கினால் தங்கையின் குரலில் போன் பேசும். அது வந்ததிலிருந்து அவர் ஒரு நாளும் படுக்கையை நனைத்ததில்லை.

அவள் மருந்து வாங்கிக்கொண்டு வந்தபோது, அண்ணன் கட்டிலோரம் அப்பாவின் போனோடு உட்கார்ந்திருந்தான்.

"என்னோட ஆப்பைப் போட்டாச்சு பாரு. நூறு பொத்தான், படத்தோட!"

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நூறு என்ன, ஒரு பொத்தானைக்கூடக் காணோம்.

"என்னோடது எங்கே?"

"அது இருந்தா இது ஏறமாட்டேன்னுச்சு. அழிச்சுட்டேன்."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

"யாரைக் கேட்டு அழிச்சே? அப்பாவைக் கேட்டியா?"

"கம்ப்யூட்டர்ல பறக்குதுடி! போன்தான் ஓட்டை. வேற வாங்கிட்டாப் போச்சு."

"அது கம்ப்யூட்டர் காட்டுற பொம்மை போன். அப்பா கையில இருக்கறது இது. இதுல ஒரு தடவையாவது ஓட்டிப் பாத்தியா?"

"உன் டூல்ல ஒரு பொத்தான் சேக்க ஒரு வாரம் ஆகுது. பேச வந்துட்டா!"

அப்பா இடது கையை நீட்டிக் கட்டில் சட்டத்தைத் தட்டினார்.

"பாத்தியா, உன்னைக் கத்தாதேங்கறாரு" என்றான் அண்ணன்.

"உன்னைத்தான் சொல்றாரு!"

அவர் மறுபடி தட்டினார். போனைக் காட்டினார். இருவருக்கும் கண் இருந்தது, பார்க்கத்தான் நேரமில்லை. எந்த மென்பொருள் உசத்தி என்ற பஞ்சாயத்து, போன வருஷத்துச் சண்டைகள் வரை போய் வந்தது. தட்டும் சத்தம் நின்றதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. விரிப்பின் ஓரத்திலிருந்து தரையில் சொட்டியபோதுதான் வாயை மூடினார்கள்.

அப்பா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போர்வையை விலக்கப் போனால், விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் லேப்டாப்பைத் திறந்து, கேபிளைச் செருகி, பழைய ஆப்பை ஏற்றினாள். போனை அவர் கையில் வைத்தாள். அண்ணன் மாற்று விரிப்போடு கட்டிலருகே வந்தான்.

"வேண்டாம்" என்றது போன்.

அவனுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். கண்ணாலேயே அவனைச் சுட்டுவிட்டு, விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலருகே குனிந்தாள்.

அப்பா அவளை நேராகப் பார்த்தார். பிறகு விரலை மறுபடியும் அதே பொத்தானில் வைத்து அமுக்கினார்.

"வேண்டாம்" என்றது, அவளுடைய குரல்.