குழலுக்குள் நின்ற குண்டு

மலாக்காவில் மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டிக் கடலோரம் இருந்த கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் அன்று போர்க்காலப் பயிற்சி. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் பழைய பீரங்கியில், உண்மையான குண்டுகளை வைத்து, இடைவிடாமல் சுட வேண்டும். ஆளில்லாத சிறு விமானம் ஒன்று சிவப்புத் துணியை இழுத்துக்கொண்டு கடலை ஒட்டித் தாழப் பறந்து வரும். அந்தத் துணிதான் இலக்கு.

பாயா ரும்புட்டைச் சேர்ந்த தேவிஸ்ரீ பீரங்கியின் வலப்பக்க இருக்கையில் இருந்தாள். அவள் கையிலிருந்த சக்கரம் பீரங்கியை இடமும் வலமும் திருப்பும். குழலை ஏற்றி இறக்குகிறவனுக்கு இடப்பக்கம் இருக்கை. இருவருக்கும் பின்னால், பீரங்கியோடு சேர்ந்து திரும்பும் மேடையில் நின்று குண்டுகளைத் திணிப்பவன் பிரான்க்ளின். அவனும் தேவிஸ்ரீயும் ஒன்பது நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. அவளை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போடச் சொல்லி அவன் பயிற்றுநர் வசந்தனிடம் கேட்டது அவள் காதுக்கு வந்திருந்தது.

"டெம்பாக்!" என்று சுடச் சொல்லி வசந்தன் கத்தினார்.

ஏழு குண்டுகள் அதிர்ந்துகொண்டு போயின. எட்டாவது போகவில்லை. சட்டென்று விழுந்த அமைதியில் பிரான்க்ளின் அலறினான். அவனுடைய தடித்த கையுறை குண்டுகளோடு சேர்ந்து இழுபட்டு, மணிக்கட்டு வரை கை குண்டு ஊட்டும் பெட்டிக்குள் போயிருந்தது.

சுட்டுச் சுட்டுக் கொதித்த குழலுக்குள் வெடிக்காமல் நின்ற குண்டு எந்த நொடியிலும் தானாக வெடிக்கலாம். அரை மணி நேரத்துக்கு யாரும் அருகில் போகக் கூடாது என்பது விதி.

"எல்லாரும் இறங்குங்க!"

இடப்பக்கத்துப் பையன் மணல் மூட்டைகளின் பின்னால் பாய்ந்தான். தேவிஸ்ரீயும் ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாள். அப்போதுதான் கடலில் ஒரு சம்பான் அவள் கண்ணில் பட்டது. இயந்திரம் நின்றுபோன மீன்பிடிப் படகு. உள்ளே இரண்டு பேர். நீரோட்டம் அதை இடப்பக்கத்திலிருந்து நேராகக் குழலின் முன்னே தள்ளிக்கொண்டு வந்தது.

அவள் மறுபடி ஏறி உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்தாள்.

"தேவிஸ்ரீ! இறங்குன்னு சொன்னேன்!"

"லைன்குள்ள சம்பான் வருது சீஃப்! நான் இறங்கிட்டா யாரு திருப்புறது?"

வசந்தன் தொலைநோக்கியில் பார்த்தார். அதற்குப் பிறகு அவளை இறங்கச் சொல்லவில்லை. ரோந்துப் படகை வானொலியில் அழைத்தார். பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று பதில் வந்தது. இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு அவரே மேடையில் ஏறினார்.

குழலை உயர்த்திவிடவும் வழியில்லை. உயர்த்தினால் குண்டு ஊட்டும் பெட்டியும் சாய்ந்து பிரான்க்ளினின் கையை ஒடித்துவிடும். வலப்பக்கம் திருப்பிக்கொண்டே போகலாம். ஆனால் அங்கே சுடும் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பம் ஒன்று நின்றது. அதற்கு அப்பால் கம்போங், கரையோரக் கிராமத்து வீடுகள். கம்பத்துக்கும் சம்பானுக்கும் நடுவே இருந்த கடல் குறுகிக்கொண்டே வந்தது. சம்பான் நெருங்க நெருங்க, அவள் சக்கரத்தைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினாள்.

"வலிக்குதுலா..." பிரான்க்ளினின் குரல் உடைந்தது. "நீ போயிரு தேவி. ரெண்டு பேரும் எதுக்குச் சாகணும்?"

"கைய ஆட்டாதே. சீஃப் அறுத்துக்கிட்டு இருக்காரு."

"உன்ன மாத்தச் சொன்னேன்ல, அது..."

"தெரியும். இப்ப பேசாத. எத்தன சுற்றுன்னு எண்ணிக்கிட்டிருக்கேன், தப்பிப் போயிரும்."

கம்பத்துக்கு இன்னும் மூன்று சுற்று. இரண்டரை. வியர்வை கண்ணில் இறங்கியும் அவள் துடைக்கவில்லை. சம்பானில் இருந்தவர்கள் ஒற்றைத் துடுப்பால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கையுறை வந்திருச்சு. ரெண்டு விரல் வரமாட்டேங்குது," என்றார் வசந்தன். "பிரான்க்ளின், இழுக்கப் போறேன். பல்லைக் கடிச்சுக்கோ."

தேவிஸ்ரீ திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்தை மட்டும் கேட்டாள். இரண்டு உடல்கள் மேடையிலிருந்து தரையில் விழுந்தன. இறங்கச் சொல்லி வசந்தன் மறுபடி கத்தினார். கம்பத்துக்கு இன்னும் அரைச் சுற்று இருந்தது. அவள் அதையும் திருப்பினாள்.

குண்டு வெடித்துப் புறப்பட்டது.

சம்பானுக்கு வலப்பக்கம், வெகுதூரத்தில், வெண்மையாகத் தண்ணீர் எழும்பி விழுந்தது. சம்பானில் இரண்டு பேரும் குப்புறப் படுத்திருந்தார்கள். முதலில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு இன்னொன்று. தேவிஸ்ரீக்கு எதுவும் கேட்கவில்லை. தன் வாய் திறந்திருப்பதை மட்டும் உணர்ந்தாள். சக்கரத்திலிருந்து அவள் விரல்களை வசந்தன் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். உத்தரவை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கிய பிறகு, நடுவில் இருந்தவர் எழுந்து நின்று அவளுக்குக் கைகொடுத்தார்.

மலாக்கா மருத்துவமனையில் பிரான்க்ளின் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். இரண்டு விரல்கள் போய்விட்டன.

"என்னைய ஆபீஸ் வேலைக்கு மாத்துறாங்க," என்றான். "கெஞ்சினாலும் இனிமே பீரங்கி பக்கம் போகமாட்டேன்லா. நீ?"

"திங்கக்கிழமை சூட்டிங் இருக்கு."

"பயமா இல்லையா?"

"இருக்கு," என்றாள் தேவிஸ்ரீ. "நேத்து சும்மா அந்த சீட்ல உக்காந்து பாத்தேன். ஒரு நிமிஷத்துல இறங்கிட்டேன்."

அவன் நல்ல கையால் பக்கத்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டான். பார்வையாளர் நேரம் முடிந்ததென்று தாதி வந்து சொல்லும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.