மீனெண்ணெய்க்காரன் மனைவியின் மூக்கு

தன் பெண்டாட்டியின் மூக்கடைப்பின் மேல்தான் தன் குடும்பமே நிற்கிறது என்று மீனெண்ணெய்க்காரன் நம்பினான். சிரிக்காதீர்கள். அவனுக்கு அதற்குக் காரணம் இருந்தது.

அவன் வேலை பார்த்தது மீன் எண்ணெய் ஆலையில், வடிகட்டும் பிரிவில். ஒரு பக்கம் மீன் ஈரல் வேகும் தொட்டிகள், இன்னொரு பக்கம் பிழியும் இயந்திரம், நடுவில் துணி வடிகட்டிகளோடு இவன். எண்ணெய் என்னவோ கடைசியில் தேன் நிறத்தில் லட்சணமாகத்தான் வரும். நாற்றம் மட்டும் அதோடு பீப்பாய்க்குள் போகாமல் இவன் தோலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். குளித்தாலும் போகாது, தேய்த்தாலும் போகாது. பேருந்தில் இவன் வந்து உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரருக்குத் திடீரென்று இறங்குமிடம் வந்துவிடும். கல்யாணப் பேச்சு இரண்டு முறை கூடி வந்து, நேரில் பார்த்ததும் கலைந்தது. ஒரு வீட்டில் பெண்ணின் மாமா முதலில் சன்னலைத் திறந்தார், பிறகு கதவைத் திறந்தார், பிறகு இவனைப் பார்த்து, "அப்ப கிளம்புறீங்களா?" என்று கேட்டார்.

மூன்றாவதாக வந்தவள்தான் டீச்சர். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். மூக்கு சிவந்து, கண் கலங்கி, வாக்கியத்துக்கு இரண்டு தும்மலோடு அறைக்குள் வந்தாள். அத்தனை நாற்காலி காலியாகக் கிடக்க, நேராக வந்து இவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு கப் டீ வேறு கேட்டு வாங்கிக் குடித்தாள். இவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் இவனோடு வந்திருந்த அண்ணி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே அலர்ஜியாம். அடைத்த மூக்கு திறந்ததே இல்லையாம். ஓஹோ, இதுதானா சங்கதி என்று அவன் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு எட்டு வருடம். சந்தோஷமான எட்டு வருடம்தான், ஆனால் என்றைக்காவது அந்த மூக்கு தற்செயலாகத் திறந்துகொண்டால் என்ன செய்வது என்ற கிலி அவனை விட்டபாடில்லை. ஆகவே தினமும் ஆலையிலேயே வாசனை சோப்புப் போட்டுக் குளிப்பான். கழுத்தில், கையிடுக்கில், முதுகில் பவுடரைக் கொட்டுவான். அதற்கு மேல் சட்டை நனைய நனைய சென்ட் அடிப்பான். அந்த சென்ட் பாட்டில் சைக்கிள் பையின் அடியில் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தது. வீட்டுக்குள் அவன் நுழைந்ததும் டீச்சர் தும்ம ஆரம்பிப்பாள். பாவம், சாயங்காலமானால் அவளுக்கு ஜாஸ்தியாகிவிடுகிறது என்று இவன் நினைத்துக்கொள்வான். நினைக்கத் தெரிந்த அளவுக்கு யோசிக்கத் தெரியவில்லை மனுஷனுக்கு.

அந்த வருடம் அவள் பாடு மோசமானது. இரண்டு தலையணை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். வகுப்பில் ஒரு கதையை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அரக்கன் வரும் இடத்தில் தும்மினால் பிள்ளைகள் எல்லாம் கோரஸாகத் தும்மிக் காட்டின. இவன்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினான்.

"மூக்குல அடிக்கிற மருந்தை விடாதீங்க," என்றாள் டாக்டரம்மா. "ரத்தத்துல வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு. அதுக்கு மீன் எண்ணெய் மாத்திரை எழுதறேன். கூடவே நல்லா மூச்சு வாங்கி, வேர்க்க விறுவிறுக்க உடம்பை ஆட்டணும். வேக நடை, ஏரோபிக்ஸ், எதுன்னாலும் சரி. சிலருக்கு நல்லாக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல. செஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஆமா, வீட்ல சென்ட், பவுடர் அந்த மாதிரி எதாவது உண்டா?"

"எனக்கெதுக்கு டாக்டர் அதெல்லாம்? பூவுக்கும் பினாயிலுக்கும் வித்தியாசம் தெரியாதவ நான்," என்று டீச்சர் சிரித்தாள்.

டாக்டரம்மா இவனைப் பார்த்தாள். இவன் சுவரில் மாட்டியிருந்த மூக்கின் படத்தை, ஏதோ அதில் தன் சொந்தக்காரர்கள் நிற்பது போல உற்றுப் பார்த்தான். கேள்வி எதற்கு என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. மூக்கு திறக்கப்போகிறது என்ற ஒன்றுதான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

மாத்திரை வாங்கினான். பாட்டில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். அச்சு அசலாக அவன்தான். அதை வீட்டில் கொடுக்காமல், சாப்பாட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டு அண்ணியின் ஜெராக்ஸ் கடைக்குப் போனான்.

"அண்ணி, அவளுக்கு மூக்கு திறந்துட்டா நான் என்ன செய்வேன்?"

அண்ணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் இயந்திரத்தின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். "ஏன் தம்பி, எட்டு வருஷமா அவ மூக்கை வச்சா குடும்பம் நடத்துனா?"

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

"விளையாட்டில்ல. மாத்திரை எங்க? பையிலயா? வெக்கமா இல்ல உங்களுக்கு? போய்க் குடுங்க."

மறுநாள் காலையில்தான் கொடுத்தான். அவள் வாயைத் திறந்துகொண்டு, சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. இரவெல்லாம் வாயால் மூச்சு விட்ட களைப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. இவள் என்னை விட்டுப் போனாலும் போகட்டும், ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு போகட்டும் என்று நினைத்தான். எழுப்பி, தண்ணீரும் மாத்திரையும் கையில் கொடுத்தான்.

ஏரோபிக்ஸ் வகுப்பு ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் நடந்தது. தனியாகப் போக வெட்கமாக இருக்கிறது, நீங்களும் வாங்க என்று அவள் இழுத்துப் போனாள். அத்தனை பெண்களுக்கு நடுவில் இவன் ஒருவன்தான் ஆண்பிள்ளை. டீச்சர் முதல் வரிசையில் பயிற்சி தரும் பெண்ணுக்கு எதிரே நிற்பாள். இவன் கடைசி வரிசையில் சன்னலோரம். "வலது, இடது, குதி!" என்றால் ஊரே வலது பக்கம் போகும்போது இவன் இடது பக்கம் போவான். வேர்த்ததும் சென்ட் கரைந்து, உள்ளே இருந்த ஆலை வெளியே வந்துவிடும். சுற்றியிருந்தவர்கள் ஒவ்வொருவராக நகர, இவனைச் சுற்றி ஒரு வட்டம் காலியாகும். அந்த வட்டத்துக்குள் தனியாகக் குதித்துக்கொண்டிருப்பான்.

திரும்பி வரும் வழியில் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "உங்க ஆட்டத்துக்குப் பயந்து எல்லாரும் எப்படி ஒதுங்குறாங்க பாத்தீங்களா!"

"கலைஞனுக்கு இடம் வேணும்ல," என்பான் இவன்.

நாளாக நாளாக அவளுக்குக் கொஞ்சம் தேவலை. பகலில் தும்மல் குறைந்தது, படியேறினால் இளைப்பு இல்லை, கன்னத்தில் ரத்தம் தெரிந்தது. ஆனால் சாயங்காலம் இவன் வீட்டுக்குள் கால் வைத்ததும் பழைய குருடி கதைதான். இவனுக்கு அதில் ஒரு திருட்டு நிம்மதி. நிம்மதி வந்த கையோடு குற்ற உணர்ச்சியும் வந்து சேரும்.

இப்படி இருக்கையில் ஆலையில் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது. சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. கடைசி நாள் மத்தியானம் டீச்சர் போன் செய்தாள். குரலே வேறு மாதிரி, கணீரென்று இருந்தது.

"என்னங்க! எனக்கு வாசனை வருதுங்க! காலையில எந்திரிச்சா சோப்பு மணக்குது. பிள்ளைங்க தலை, ஈரத் தரை, சாக்பீஸ், எல்லாத்துக்கும் ஒரு வாசனை இருக்கு, தெரியுமா உங்களுக்கு?"

அவன் தன் சட்டைக் கையை மெல்ல மோந்து பார்த்தான்.

"அப்புறம் அந்த மாத்திரை பாட்டிலைத் திறந்தேன். ஐயோ, சகிக்கல! குமட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தக் கண்றாவியையா இத்தனை நாளா முழுங்குனேன்? சரி, சீக்கிரம் வாங்க."

கண்றாவி என்றாளே. குமட்டுகிறது என்றாளே. ஒரு முறைக்கு இரண்டு முறை குளித்தான். இருந்த பவுடர் அத்தனையையும் கொட்டினான். சென்ட் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை சட்டையில் அடித்துக்கொண்டு, சைக்கிளை மிதித்தான்.

கதவைத் திறந்தவள் முகம் மலர்ந்து, ஆசையாக மூச்சை இழுத்தாள். அவ்வளவுதான். முதல் தும்மல் வாசலில், அடுத்தது கூடத்தில், அதற்கடுத்தவை சமையலறை வரை தொடர்ந்தன. கண் வீங்கி, மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவள் இவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். காலருக்கு மேலே வெள்ளையாகப் படிந்திருந்த பவுடரை விரலால் தொட்டுப் பார்த்தாள். வேர்க்குருவுக்குப் போடுகிறார் என்று எட்டு வருடமாக அவள் நினைத்துக்கொண்டிருந்த பவுடர்.

"மேல என்ன போட்டிருக்கீங்க?"

எல்லாவற்றையும் சொன்னான். சைக்கிள் பை, சென்ட் பாட்டில், சன்னல் திறந்த மாமா, அண்ணி, பையில் தூங்கிய மாத்திரை, எதையும் மறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவள் முகம் கறுத்தது.

"டாக்டர் அத்தனை தெளிவாக் கேட்டாங்களே! பக்கத்துல ஊமைக் கோட்டான் மாதிரி உக்காந்திருந்தீங்களே! எட்டு வருஷமா என் மூக்கை அடைச்சதே நீங்கதானா?"

"சத்தியமாத் தெரியாது. எனக்குப் பயம். நாத்தம் தெரிஞ்சா நீயும் எந்திரிச்சுப் போயிடுவியோன்னு. மூக்கு அடைச்சிருந்ததாலதான அன்னைக்கு என் பக்கத்துல வந்து உக்காந்த?"

அவள் குரலில் கோபம் இருந்தது, ஆனால் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

"அன்னைக்கு நான் உள்ள வந்ததும் தும்முனேன். அங்க இருந்த அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. என் சித்தி உள்பட. கைக்குட்டை நனைஞ்சு போய் என்ன செய்யறதுன்னு தெரியாம நின்னேன். நீங்க மட்டும் உங்க கைக்குட்டையை எடுத்து, மடிப்புக் கலையாம, சத்தமில்லாம நீட்டுனீங்க. முகத்தைச் சுளிக்கல. அதுக்காக வந்து உக்காந்தேன். மூக்கு அடைச்சதுக்காகவாம்!"

அவனுக்கு அந்தக் கைக்குட்டை நினைவிலேயே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"போங்க, அந்தச் சட்டையைக் கழட்டி வெளியில போடுங்க. இனிமே வெறும் தண்ணி, வாசனை இல்லாத சோப்பு. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சென்ட்டும் இல்லை, பவுடரும் இல்லை. அவனுக்கோ வீட்டுக்குள் உடுப்பே இல்லாமல் நடப்பது போல இருந்தது. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று, "வருதா?" என்று கேட்பான். "இன்னும் இல்ல. உள்ள வாங்க," என்பாள் அவள். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவன் போல அவன் இளைத்துப்போனான். அவள் விடாமல் மருந்தை அடித்தாள், மூக்கைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லாமலே மாத்திரையை விழுங்கினாள், இவனையும் இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

அன்றும் அவள் முதல் வரிசையில், இவன் சன்னலோரம். பாட்டு வேகமெடுத்தது. "வலது, இடது, குதி, குதி!" எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. மறைக்க இப்போது சென்ட்டும் இல்லையே, ஆலை முழுசாக வெளியே வந்தது. வழக்கம்போல வட்டம் காலியானது. வழக்கத்தை விடப் பெரிதாகவே காலியானது.

முன்னால் குதித்துக்கொண்டிருந்த டீச்சர் பாட்டுக்கு நடுவே சட்டென்று நின்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள், மறுபடி இழுத்தாள். திரும்பிப் பார்த்தாள். ஒதுங்கி நிற்கும் பெண்களைப் பார்த்தாள், நடுவில் தனியாக நிற்கும் புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது இவனுக்கும் விளங்கிவிட்டது. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே நின்றான்.

அவள் வரிசைகளைத் தாண்டி வந்தாள். வட்டத்துக்குள் கால் வைத்தபோது மூக்கு சுருங்கியதை அவன் பார்த்தான். ஆனாலும் அவள் நிற்கவில்லை. தோளோடு தோள் உரசும் தூரத்துக்கு வந்து, பாட்டுக்குக் குதிக்க ஆரம்பித்தாள்.

"நாறுது," என்றாள் மூச்சு வாங்க. "நல்லாவே நாறுது."

"தெரியும்," என்றான் அவன்.

"எட்டு வருஷமா இங்க தனியாவே நின்னீங்களா?" என்று கேட்டவளின் கண் கலங்கியிருந்தது. அலர்ஜி இல்லை. "சரி, சரி, கையை மேல தூக்குங்க. வலது பக்கம். இது இடது."

அவன் கையைத் தூக்கினான். அவள் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் நன்றாக மூச்சை இழுத்து விட்டபடி, அவனோடு சேர்ந்து குதித்தாள்.