பேசக்கூடாத ஓட்டல்

தம்பி என்றதும் யாரோ மீசை முளைக்காத பையன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பத்திரண்டு வயது. முன்மண்டை காலி. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை, ஒண்டிக்கட்டை. அவனைத் தம்பி என்று கூப்பிட உலகத்தில் பாக்கியிருப்பது ஒரே ஒருத்திதான். அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். ஒரு வாரமாக அவனுக்கு இருப்புக் கொள்ளாததற்கு அதுதான் காரணம்.

"காலைல வந்துட்டு சாயங்கால வண்டிக்குக் கிளம்பிடுவேன். உன்கிட்ட நேர்ல கேக்க ஒண்ணு இருக்கு" என்று போனில் சொல்லியிருந்தாள்.

என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மா இன்றோ நாளையோ என்று கிடந்த நாளில், அக்காவின் நம்பரிலிருந்து ஏழு தடவை போன் வந்தது. அவன் எடுக்கவில்லை. மறுநாள் சாவு வீட்டில் போய் நின்றபோது, "லிஃப்ட் குழிக்குள்ள இருந்தேங்க்கா, சிக்னல் இல்ல" என்றான். அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். சிக்னல் இல்லாத போன் எப்படி மணி அடிக்கும்? தினமும் கம்பியும் கருவியுமாகப் புழங்குகிறவனுக்கு அந்த ஓட்டை திரும்பி வருகிற ரயிலில்தான் உறைத்தது. அன்றைக்கு அவன் குழிக்குள்ளும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போன் அடித்து அடித்து ஓய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்தால் அம்மா போய்விட்டாள் என்பார்கள். எடுக்காதவரை அம்மா இருக்கிறாள். பயந்தாங்கொள்ளியின் புத்தி அப்படித்தான் போகும்.

வீட்டில் உட்காரவைத்தால் அக்கா கேட்டுவிடுவாள். கேட்டால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் இருக்கிற ஒரு அக்காவும் இல்லை. அதனால் அந்த வாரம் முழுக்க ஓட்டல் தேடினான்.

"வெளியூர்லேர்ந்து வர்றவங்கள அசத்துறதுக்குன்னே இங்க நூறு ஓட்டல் இருக்குப்பா" என்று கூட வேலை செய்யும் நெட்டை அடுக்கினான். "பொம்மை ரயில்ல தட்டு வரும், ஒண்ணு. கும்மிருட்டுல சாப்பிடலாம், ஒண்ணு. முப்பதாவது மாடியில சுத்திக்கிட்டே சாப்பிடலாம், அது ஒண்ணு."

தம்பி ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். பொம்மை ரயில் ஓட்டலில் பிள்ளைகள் போட்ட கூச்சல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அக்காவின் தொண்டை அதைவிடப் பெரிது. இருட்டு ஓட்டலில் வாசலோடு திரும்பிவிட்டான். முகம் தெரியாத இடத்தில் யாரும் எதையும் கேட்கலாம். சுற்றுகிற ஓட்டலின் லிஃப்ட்டை அவனே மாசத்துக்கு ஒருமுறை பார்க்கிறவன். கீழேயிருந்து மேலே போக நாற்பது நொடி, பெட்டிக்குள் இரண்டே பேர். அக்காவுக்குப் பத்து நொடி போதும்.

"என்னப்பா, பொண்ணு பாக்குற மாதிரி ஓட்டல் பாக்குற?" என்று நெட்டை சலித்துக்கொண்டான். "அப்போ பேசக்கூடாத ஓட்டலுக்குப் போ. உள்ள போனா வாயத் திறக்கக் கூடாது. வேணுங்கிறத சீட்டுல எழுதிக் குடுக்கணும்."

அடடா! தம்பிக்கு அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. சனிக்கிழமை மத்தியானமே போய் ஒருமுறை சாப்பிட்டுச் சோதித்தான். துணிச்செருப்பு போட்ட சிப்பந்திகள் பூனை மாதிரி நடந்தார்கள். யாரோ ஒருவர் மெல்ல முணுமுணுத்ததற்கே, உதட்டில் விரல் வைத்த படம் போட்ட அட்டை அவர் மூக்குக்கு நேரே வந்து நின்றது. தம்பி தும்மலை அடக்கிக்கொண்டு திருப்தியாக வெளியே வந்தான்.

ஞாயிறு காலை ரயில் நிலையத்தில் அக்கா ஒற்றைப் பையோடு இறங்கினாள். தலை பாதி நரைத்திருந்தது.

"என்னடா இப்படி இளைச்சிட்ட?"

"வேலைக்கா" என்று ஆரம்பித்தவன் வாயை மூடவே இல்லை. பஸ்ஸில் போகிற வழியெல்லாம் இது எத்தனை மாடி, அது எந்த வருஷத்து லிஃப்ட் என்று அளந்தான். அக்கா இரண்டு தடவை, "தம்பி, நான் கேக்க வந்தது..." என்று தொடங்கினாள். முதல் தடவை, "அக்கா, அந்தப் பாலத்தப் பாரேன்!" என்றான். இரண்டாம் தடவை, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கிவிட்டான்.

ஓட்டல் வாசலில் விதிமுறைப் பலகையை அக்கா நிதானமாகப் படித்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். "நல்ல இடமாத்தான் பாத்திருக்க" என்றபடி உள்ளே நுழைந்தாள்.

மூலை மேசை. ஒரு கட்டுச் சீட்டு, ஒரு பென்சில். தம்பிக்கு ஒரு வாரத்தில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தாள். சூப் எழுதுகிறாள் என்று நினைத்தான். சீட்டைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

'அன்னிக்கு எனக்கு மணி அடிச்சது கேட்டுச்சு. உனக்கு?'

சிப்பந்தி வந்து சீட்டுக்குக் கை நீட்டினார். தம்பி அதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். தம்பி இன்னொரு சீட்டில் 'முதல்ல சூப் சொல்லவா?' என்று எழுதினான். அக்கா அதை வாங்கி நாலாகக் கிழித்தாள். பென்சில் முனையால் பழைய சீட்டை ஒரு தட்டு தட்டினாள்.

தம்பியின் கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. எழுந்து ஓடலாம். ஓடினால் இந்த முறை அக்கா தேடமாட்டாள். அது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பென்சிலை வாங்கினான். எழுத்து கோணிக்கொண்டு போனது.

'கேட்டுச்சு. ஏழு தடவையும். பயந்துட்டேன்க்கா.'

அக்கா படித்தாள். கோபப்படுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தான். அவள் சீட்டுக் கட்டை இழுத்து, நிறுத்தாமல் எழுதினாள்.

'நான் அடிக்கலடா. அம்மாதான் அடிச்சா. அன்னிக்குக் காலைல தெளிஞ்சு எழுந்து உக்காந்தா. உன் குரலக் கேக்கணும்னா. ஏழாவது தடவைக்கு அப்புறம், விடு, பாவம், புள்ள வேலையா இருப்பான்னு சொல்லிட்டுப் படுத்தா. இத உன்கிட்டச் சொல்லவா வேணாமான்னு ரெண்டு வருஷமா தூங்கல.'

தம்பி இரண்டு முறை படித்தான். பிறகு அவன் தொண்டையிலிருந்து கிளம்பிய சத்தத்துக்கு ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாற்பத்திரண்டு வயது ஆள் மேசையில் நெற்றியை வைத்து, "அம்மா, அம்மா" என்று வாய்விட்டு அழுதான்.

துணிச்செருப்புகள் நாலா பக்கமிருந்தும் ஓடி வந்தன. ஒரு சிப்பந்தி அட்டையை நீட்டினார். அக்கா எழுந்து வந்து தம்பியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அட்டைய உள்ள வைங்க" என்று கூடமே அதிரச் சொன்னாள். "ரெண்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் அம்மாவக் கூப்பிடுறான். கூப்பிடட்டும்."